கருங்கூந்தலும் கரித்துண்டும்

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டிலுள்ள தம்பி வீட்டு முற்றத்தில் இன்று விடியலில் பனிமஞ்சு இறங்கியபோது, என் நாவில் முதலில் எழுந்த சொல் ‘ஹார்’. கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனிக்கு ஸ்காட்லாந்தின் கீழைக்கரையோர் வழங்கும் பெயர் அது. அருகில் நின்ற அயல்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். “ஆருங்க டீச்சர்?” என்று அவர் தெருவை எட்டிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் தமிழ் பயிற்றிய எனக்குப் பிறந்த மலையின் பனி அயற்பெயரோடு வந்தது அச்சந்தந்தது.

மகனோடு வாழச் சென்ற அக்கடற்கரைச் சிற்றூரில் எனக்கு வாய்த்த ஒரே தோழி, அடுத்த வீட்டு மார்கரெட். என்னை ‘ஹென்’ என்றழைப்பார். பெட்டைக்கோழி என்று பொருள்கொண்டு சிலநாள் முகங்கொடாதிருந்தேன். நம் மலையில் முதியோரையும் ‘கண்ணு’ என்கிறோமே, அத்தகைய அன்புவிளி அஃது என்று மகன்தான் விளக்கினான். மார்கரெட் பெரிதும் போற்றும் சொல் ‘ஃபர்ஸ்ட் ஃபுட்’, முதலடி. புத்தாண்டு பிறந்தபின் ஒரு வீட்டு வாயிலை முதன்முதல் கடந்து வருபவரை அது குறிக்கும். அவர் கருமுடியுடைய ஆடவராய், கையில் நிலக்கரித் துண்டோடு வந்தால் ஆண்டு முழுதும் அடுப்பு அணையாதாம். ஆடவர் என்பதை மார்கரெட் பொருட்படுத்துவதில்லை. நரைக்காத என் கூந்தலே அவருக்குப் போதும். சென்ற புத்தாண்டுக் காலையில் கரியை என் கையில் தந்து அழைத்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

“நான் கைம்பெண்.”

“நானுந்தான், ஹென். குளிருது, உள்ளே வா.”

இன்று தம்பியின் புதுமனை புகுவிழா. தாயிழந்த அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான். இனி இங்கேயே இருந்துவிடச் சொல்லி, எனக்கென ஓர் அறையும் கட்டியிருக்கிறான். மார்கரெட்டோ நேற்று மாலை தொலைபேசியில், புத்தாண்டன்று நான் வரும்வரை கதவைத் திறக்கப்போவதில்லை என்றார். இருவருக்கும் இன்னும் விடை சொல்லவில்லை.

பால்குடம் ஏந்திய மங்கல மகளிர் வாயிலில் நிரல்பட நின்றனர். தம்பி என்னருகே வந்தான்.

“அக்கா, நீங்க சித்த பொடக்காளிப் பக்கம் இருங்க. பால் பொங்குனதும் நானே வந்து கூப்புடறேன்.”

குரலில் கடுமை சிறிதும் இல்லை. கொல்லைப்புறம் சென்று, ஈரம் சொட்டும் மிளகுக் கொடியருகே நின்றேன். உள்ளே ஆரவாரம் எழுந்து அடங்கியது. சொன்னபடியே வந்தான், கையைப் பற்றிப் பின்வாயில் வழியே அழைத்துச் சென்றான்.

“பாருங்கக்கா, உங்க ரூம்பு. சன்னலத் தொறந்தா மொளகுக் கொடி. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இருந்துக்குவீங்கல்ல?”

சன்னலுக்கப்பால் மஞ்சு மட்டுமே தெரிந்தது. நான் தலையசைத்ததற்கு அவன் என்ன பொருள் கொண்டானோ, முகமலர்ந்து விருந்தினரைக் கவனிக்கப் போய்விட்டான்.

எல்லோரும் பந்தியில் அமர்ந்தபின் அடுப்படிக்குச் சென்றேன். பால் பொங்கிய புத்தடுப்பில் தணல் ஆறியிருந்தது. சிறு கரித்துண்டு ஒன்றை எடுத்து, மார்கரெட்டின் வாயிலுக்கென முந்தானையில் முடிந்துகொண்டேன். தம்பி தந்த சாவியும் அதே முடிச்சில்தான் இருந்தது.