கவுண்டருக்குள்ளே தெரிந்த சிரிப்பு

பல்செட் செய்கிறவருக்கு அந்தத் தெருவில் ஸ்கேல் என்று பட்டப்பெயர். முப்பது வருடமாக அவர் கட்டிய வரிசைகளில் ஒரு பல்கூட முன்னே பின்னே நின்றதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பெருமைப்பட்டுக்கொள்ள அவரிடம் வேறென்ன இருந்தது? சின்ன வயதில், இவர் பல் டாக்டராக வேண்டும் என்று இவருடைய அப்பா ஆசைப்பட்டார். மகனோ விழுந்து விழுந்து உருப்போட்டதையெல்லாம் பரீட்சை ஹாலின் வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே போவான். "உன் மண்டையில ஒண்ணும் நிக்காதுடா" என்று அப்பா திட்டியது மட்டும் கெட்டியாக நின்றுவிட்டது. ஐம்பத்தைந்து வயதாகியும், மூன்று சாமான் வாங்க வேண்டுமென்றால் மனைவி சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். ஆகவே அவருடைய பட்டறைக்கு வாய் வரும், ஆள் வருவதில்லை. அன்றைக்கு ஒரு அம்மா நேராகவே வந்துவிட்டார். எழுபது வயதிருக்கும். ஸ்கேல் செய்த பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மேசைமேல் வைத்தார்.

"ரொம்ப அழகா இருக்கு தம்பி. அதான் பிரச்சினையே."

உறுத்துகிறதா, ஆடுகிறதா என்று கேட்டார் ஸ்கேல். இரண்டும் இல்லையாம். அந்த அம்மாவின் கணவருக்கு மறதி நோய். மனைவியின் பெயரும் முகமும்கூட அவருக்கு மறந்துபோய், அவள் சிரிப்பு ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைப் பார்த்தால்தான் சாப்பிட வாயைத் திறப்பார். மனைவிக்குப் பல்லெல்லாம் பிடுங்கிய பிறகு அவர் அரைகுறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதுப் பல் வந்ததும் சரியாகிவிடும் என்று இந்த அம்மா காத்திருந்தார். வந்தது. யாரோ வேற்று மனுஷி என்று தட்டைத் தள்ளிவிட்டார் அவர். பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார்.

"பழையபடி கோணலாவே செஞ்சு குடுங்க தம்பி."

பழைய போட்டோ கேட்டார் ஸ்கேல். "கோணப்பல்லுன்னு வெக்கப்பட்டு எந்த போட்டோவுலயும் நான் வாயைத் திறக்கல. கல்யாண போட்டோவுலகூட உம்முனுதான் நிக்கிறேன்" என்றார் அந்த அம்மா. இடது பக்கம் மேல் கோரைப்பல் பக்கத்துப் பல்மேல் ஏறியிருக்கும் என்பதைத் தவிர அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "நம்ம பல்லை நாமளா பாத்துக்கிட்டு இருக்கோம்? பாத்ததெல்லாம் அவருதான்."

நேராக வைத்தே பழகிய கை, கோணலாக வைக்க வராமல் தடுமாறியது. மெழுகில் பல்லைப் பதித்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது நான் இல்ல தம்பி" என்றார் அந்த அம்மா. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை அப்படியே உட்கார்ந்து அழுதார். ஒரு மனிதர் தன் கைவேலையால் பட்டினி கிடக்கிறார் என்ற நினைப்பில் ஸ்கேலுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மேசையில் தலையைச் சாய்த்தவர் அப்படியே தூங்கிப்போனார். கனவில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வரிசையில் நிற்கிறார். முன்னால் ரயில் டிக்கெட் கவுண்டர். கண்ணாடியில் பாதிக்கு மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறது. உள்ளே இருக்கிறவரின் வாய் மட்டும்தான் தெரிகிறது. எம்பி நின்று அரை டிக்கெட் கேட்கிறார். "குரலே உடைஞ்சு போச்சு, உனக்கு அரை டிக்கெட்டா?" என்று சொல்லி அந்த வாய் சிரிக்கிறது. ஏறி நிற்கும் கோரைப்பல். கொஞ்சம் திரும்பிய முன்பல். அதன் நுனியில் பொடிச் சில்லு பெயர்ந்திருக்கிறது.

விழித்ததும் அவர் அசையவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று பயம். காபியோடு வந்த மனைவியைக் கையைக் காட்டி நிறுத்தினார். "தூங்கி எழுந்ததும் என்ன மௌன விரதம்?" என்று முணுமுணுத்தபடி அவள் காபியை மூடி வைத்தாள். கத்தியைச் சுடவைத்து மெழுகை இளக்கி, முன்பல்லைத் திருப்பி, நுனியை அரத்தால் ராவினார். காபி ஆறி ஏடு கட்டிப்போனது.

சாயங்காலம் வந்த அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். விரல் தானாக முன்பல்லின் நுனிக்குப் போனது.

"இது... சின்ன வயசுல பல்லால கொட்டை உடைக்கப் போய்ப் பெயர்ந்தது. நானே மறந்துட்டேனே. உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீங்க ஸ்டேஷன்ல டிக்கெட் குடுத்துக்கிட்டு இருந்தீங்களாம்மா?"

"இருபத்தெட்டு வருஷம்."

ஸ்கேல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பரீட்சைக்குப் படித்த ஒரு வரியைக்கூடக் காப்பாற்றாத மண்டை, எப்போதோ பார்த்த ஒரு சிரிப்பை, சில்லுகூடச் சிந்தாமல் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பொத்தி வைத்திருந்திருக்கிறது! அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரைப் பிடித்து நிறுத்தி இதைச் சொல்லியிருப்பார் ஸ்கேல். நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கினதுபோல் இருந்தது. அரை டிக்கெட் கதையைக் கேட்டு அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "முழு டிக்கெட்டுதானே குடுத்தேன்?" என்று வேறு கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மெழுகை எடுத்துவிட்டு நிரந்தரமாக வார்த்து, ஸ்கேலே வீட்டுக்கு எடுத்துப் போனார். ஜன்னலோரம் நாற்காலியில் எலும்பும் தோலுமாகக் கணவர். அந்த அம்மா தட்டோடு எதிரே உட்கார்ந்தார். சிரிக்க முயன்றார், அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. பிறகு எப்படியோ சிரித்துவிட்டார்.

கணவர் அந்த வாயையே வெகுநேரம் பார்த்தார். வாசற்படியில் நின்ற ஸ்கேலுக்கு மூச்சுவிடவும் தைரியம் வரவில்லை.

"இவ்வளவு நேரம் எங்க போய்த் தொலைஞ்ச? பசி உயிர் போகுது" என்று அதட்டிவிட்டு, கணவர் வாயைத் திறந்தார்.