சுகிர்தா தீனி போட்ட தொட்டி

சாராயம் காய்ச்சினாளாம். யார் பார்த்தது? வாசம் மூக்கில் ஏறியதா, சொட்டு நாக்கில் பட்டதா? ஒன்றும் கிடையாது. கறுப்பு வெல்லம் வாங்கினாள், அவ்வளவுதான். கறுப்பு வெல்லம் வாங்குகிறவர்கள் எல்லாம் ஊறல் போடுகிறவர்கள் என்றால், எளாவூர் செக்போஸ்ட் பக்கத்து மளிகைக் கடைக்காரர் அதை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறாரே, அவரை என்ன சொல்வீர்கள்? சுகிர்தாவைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிய தெரு இது. நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் மனசு ஆறும்.

சுகிர்தாவின் அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்தவள். மகளைப் பத்தாவது வரை படிக்க வைத்து ஸ்டீவனுக்குக் கட்டிக் கொடுத்தாள். ஸ்டீவன் இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். தங்கமான பிள்ளை, ஆனால் நாலு பேர் பேச்சென்றால் நடுங்குவான். கல்யாணமாகி ஏழாம் வருஷம் சுகிர்தா கும்மிடிப்பூண்டியில் ஒரு சாயக் கம்பெனிக்குக் காண்டிராக்டில் பெருக்குகிற வேலைக்குப் போனாள். கம்பெனியின் பின்கோடியில் கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற பிளாண்ட் இருந்தது. மற்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய அந்த மூலையை இவள் தலையில் கட்டினார்கள்.

மூக்கைப் பொத்தாமல் வேடிக்கை பார்த்தாள் சுகிர்தா. சாயம் கழுவிய தண்ணீர் ஒரு நாள் ஊதாவாக வரும், மறுநாள் ரத்தச் சிவப்பாக வரும். அதை அப்படியே வெளியே விட்டால் ஏரி என்ன ஆவது, கிணறு என்ன ஆவது? அதனால் எல்லாவற்றையும் முதலில் ஒரே தொட்டியில் சேர்த்துக் கலக்குவார்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் சுண்ணாம்பு கரைத்து விடுவார்கள். அடுத்த தொட்டியில் படிகாரம். கலங்கல் தண்ணீரில் தேத்தாங்கொட்டையை இழைத்தால் சேறு அடியில் போய் உட்காருமே, அதே கதைதான். சாயம் திரிதிரியாகத் திரண்டு இறங்கிவிடும். அந்தச் சேற்றைத் துணி வைத்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் பிழிந்து, வறட்டி மாதிரிக் கட்டியாக எடுத்து மூட்டை கட்டுவார்கள்.

அதற்குப் பிறகும் தண்ணீரில் கரைந்த அழுக்கு மிச்சம் இருக்கும். அதைத் தின்னத்தான் மூன்றாவது தொட்டி. அதில் கோடி கோடியாகப் பூச்சிகள். கண்ணுக்குத் தெரியாது. புளித்த மாவுக்குள் இருந்துகொண்டு மாவைப் பொங்க வைக்கிறதே, அந்த மாதிரி ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை மூச்சு விட அடியிலிருந்து மோட்டார் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அழுக்கைத் தின்று கொழுத்த கூட்டம் பழுப்பு வண்டலாக அடியில் இறங்க, மேலே தெளிந்த தண்ணீர் மணலிலும் கரியிலும் வடிந்து வேப்பங்கன்றுகளுக்குப் போகும். தொட்டி நலமாக இருந்தால் புதுமழை மண் வாசம் வரும். நலம் கெட்டால் அழுகிய முட்டை வாசம்.

ஒரு நாள் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு மேனேஜர் அன்புராஜிடம் போனாள்.

"சார், தொட்டிக்கு ஒடம்பு சரியில்ல."

"மீட்டர் நல்லாத்தானேம்மா காட்டுது?"

"மீட்டருக்கு மூக்கு ஏது சார்? வந்து மோந்து பாருங்க."

அன்புராஜ் வந்து முகர்ந்தார். ஆளை இறக்கிப் பார்த்தால் காற்றுக் குழாயில் பாதி அடைத்துக் கிடந்தது. அன்றிலிருந்து சுண்ணாம்பு கரைக்கவும் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் பிடித்துப் பார்க்கவும் அவளைப் பழக்கினார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் பெருக்குகிறவள் என்றே இருந்தது.

போன வருஷம் பொங்கலுக்குக் கம்பெனி பத்து நாள் லீவு விட்டது. ஆளே இல்லாத இடத்தில் எதற்குக் கரண்ட் வீண் என்று யாரோ புத்திசாலி காற்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார். தீனியும் இல்லை, மூச்சும் இல்லை. கூட்டம் மொத்தமாகச் செத்தது. தண்ணீரைச் சுத்தம் பண்ண வழியில்லாமல் கம்பெனி பன்னிரண்டு நாள் கதவடைத்தது. பழி தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் மேல் விழுந்தது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இந்த வருஷம் லீவுக்கு முன்னால் அன்புராஜ் அவளைக் கூப்பிட்டார். "சுகிர்தா, லீவு முடியிற அன்னைக்கு காலைல பத்து மணிக்கு நானே வந்து குடுவைல புடிச்சுப் பாப்பேன். தொட்டி உசுரோட இருந்தா கம்பெனி ஆபரேட்டரா உன் பேரை எழுதறேன். இல்லாங்காட்டி வேற காண்டிராக்ட்காரன் வருவான். நீ பழையபடி துடைப்பந்தான்."

"பாத்துக்குறேன் சார்."

அழுக்குத் தண்ணீர் வராத நாளில் கூட்டத்துக்கு வெல்லத் தண்ணீரும் சாணிக் கரைசலும்தான் சாப்பாடு. வெல்லம் பசியாற்றும், சாணியிலிருந்து புது ஆட்கள் வந்து சேருவார்கள். மலிவாகக் கிடைப்பது கறுப்பு வெல்லம். சாணிக்கு நெல்லுக்காரர் அரசப்பன் வீட்டுத் தொழுவம் இருந்தது. முன்னால் வெல்லப் பையும் பின்னால் சாணி வாளியுமாக தினமும் காலையில் மொபெட்டில் கிளம்பிவிடுவாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புப் பண்ணினாள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. பொங்கலன்று வீட்டில் பானை பொங்கியதும் மனசு கேட்கவில்லை. ஊரெல்லாம் இனிப்புத் தின்கிறது, அதுகளுக்கு மட்டும் அளந்த சாப்பாடா என்று வெல்லத்தை இரண்டு பங்காகக் கொட்டிவிட்டு வந்தாள். மறுநாள் போனால் தொட்டியைக் காணவில்லை. முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை பூத்து, சுவரைத் தாண்டி வழிந்து கிடந்தது. பண்டிகைச் சாப்பாடு செரிக்காமல் கூட்டம் திணறியது. மாட்டுப் பொங்கலன்று முழுக்க நுரையைத் தண்ணீர் பீய்ச்சி அடக்கினாள். மோட்டாரை நிறுத்தவே இல்லை. இரண்டு நாள் வெல்லம் கிடையாது என்று பத்தியம் போட்டாள். நுரை இறங்கியது. அதற்குள் கூட்டத்தில் பாதி போயிருக்குமோ என்ற பயம் மட்டும் இறங்கவில்லை.

தெருவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எதிர் வீட்டுச் செல்விதான் முதலில் ஆரம்பித்தாள். "கறுப்பு வெல்லம் வாங்கினு போறா. லீவு உட்ட கம்பெனில இவளுக்கு இன்னா வேலை? வரும்போது மேலெல்லாம் புளிச்ச நாத்தம் வேற." பால் வாங்குகிற இடத்தில் சொன்னது மாலைக்குள் சர்ச் வாசலுக்குப் போய்விட்டது. சுகிர்தாவிடம் ஒருத்தியாவது நேரில் கேட்டாளா என்றால், இல்லை. கேட்டிருந்தாலும் "பூச்சிக்குத் தீனி போடப் போறேன்" என்றுதான் சொல்லியிருப்பாள். அதை யார் நம்புவார்கள்?

லீவின் கடைசி நாள் வந்தது. மணி எட்டரை. சுகிர்தா வெல்லப் பையை எடுக்கும்போது வாசலில் செல்வியோடு ஐந்தாறு பெண்கள் நின்றார்கள்.

"இன்னாக்கா, காலங்காத்தால கூட்டம்?"

"ஒன்னியும் இல்லடி. அந்தப் பைய எங்க எடுத்துக்கினு போறேன்னு சொல்லிட்டுப் போ. புள்ளைங்க இருக்கிற தெரு இது. நாளைக்குப் போலீஸ் வந்தா எங்க ஊட்டுக்கும்தான் பேஜாரு."

ஸ்டீவன் நடுங்கிக்கொண்டு வந்தான். "இன்னைக்கு ஒரு நாள் போவாத சுகிர்தா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குப் போனா எனக்குப் பழையபடி துடைப்பந்தான்யா. பத்து மணிக்கு சார் வராரு."

"ஊரே பேசுதே."

"பத்து நாளா பேசுது. நீ ஒரு நாளாவது அங்க வந்து பாத்தியா?" அவனை அவள் அதட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "செல்வியக்கா, செருப்ப மாட்டு. நீயே வந்து குந்திக்கினு பாரு. சாராயம் இருந்துச்சுன்னா நானே ஸ்டேஷனுக்கு வரேன்."

செல்வி இதை எதிர்பார்க்கவில்லை. பின்வாங்கினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். "வரேன்டி, எனக்கு இன்னா பயம்" என்றாள். வாசலை அடைத்து நின்ற பெண்கள் ஒதுங்க, சுகிர்தா படியிறங்கினாள். அன்றைக்குச் சாணி வாளியை மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனது செல்விதான்.

கேட்டில் காவலாள் செல்விக்குத் தொப்பியும் பெரிய பூட்ஸும் மாட்டி, பார்வையாளர் நோட்டில் கைநாட்டு வாங்கித்தான் உள்ளே விட்டார். தொட்டி ஓரம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, காபி மாரி கொதிக்குது? அடுப்பு எங்க?"

"அடுப்பு இல்லக்கா, காத்து. உள்ள இருக்கிறதுங்க மூச்சு உடுது."

"எதுங்க?"

"நீ தெருவுல சொன்ன சரக்குங்க."

பத்து மணிக்கு அன்புராஜ் வந்தார். ஒரு லிட்டர் குடுவையில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மேஜையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் குடுவையைத் தொடக் கூடாது. கூட்டம் உயிரோடு இருந்தால் வண்டலாக இறங்கி மேலே தண்ணீர் தெளியும், செத்திருந்தால் கலங்கலாகவே நிற்கும். குடுவை முழுக்க ஒரே பழுப்பு. ஐந்து நிமிஷம் ஆகியும் எதுவும் பிரியவில்லை. சுகிர்தாவுக்கு அந்த வெள்ளை நுரைதான் கண்ணில் நின்றது. இரண்டு பங்கு வெல்லத்தைக் கொட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பத்தாவது நிமிஷம் மேலே விரல்கடை அளவு வெளுத்தது. "தெளியுதுடி" என்றாள் செல்வி, தன் வீட்டுச் சோறு வேகிற மாதிரி குடுவைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து. வண்டல் மெல்ல மெல்ல இறங்கியது. அரை மணி முடிந்தபோது பழுப்பெல்லாம் அடியில் மூன்றில் ஒரு பங்காகப் படிந்து கிடந்தது. மேலே இருந்த தண்ணீர் வழியாகப் பின்சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி தெரிந்தது. அன்புராஜ் குடுவையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சுகிர்தாவிடம் நீட்டினார்.

"நீ சொல்லு."

அவள் முகர்ந்தாள். "மழை வாசம் சார்."

"நடுவுல நுரை வந்துச்சாமே? வாட்ச்மேன் சொன்னாரு."

"நாந்தான் சார் வெல்லத்த அதிகமா போட்டுட்டேன். பொங்கலாச்சேன்னு."

அன்புராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிஜிஸ்டரில் அதையும் எழுதச் சொன்னார். "அடுத்த தீபாவளிக்கு அந்த மாதிரி எதுவும் வேணாம். நாளைக்கு வரும்போது ஆதாரும் ரெண்டு போட்டோவும் எடுத்துக்கினு வா, ஆபரேட்டரம்மா."

சுகிர்தா தலையாட்டினாள். குடுவைத் தண்ணீரை மறுபடி தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, அலசிக் கவிழ்த்து வைத்தாள். செல்வி பூட்ஸைக் கழற்றாமல் அங்கேயே நின்றாள்.

"ஏன் சார், இவ ஆபரேட்டரா பூட்டா, அந்தப் பெருக்கற வேலைக்கு ஆள் எடுத்துட்டீங்களா?"