என் வயிற்றிலிருந்த எதிரியைக் கர்த்தர் காட்டினார்

என் அண்ணன் மனைவி சக்கைப் பாயசத்தில் எனக்குக் கைவிஷம் வைத்துவிட்டாள் என்று ஏழு மாதம் நம்பினவன் நான். ஞாயிறு தவறாமல் பாடல் குழுவில் நிற்கிறவன், சபை முழுவதையும் சிரிக்க வைக்கிறவன், நம்பினேன். மந்திரித்த மருந்தைச் சோற்றில் கலந்து கொடுத்தால் அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உள்ளிருந்தே தின்னும் என்பது எங்கள் பாறசாலைப் பக்கத்துப் பேச்சு.

1996 மே மாதம். அண்ணனின் புது வீட்டு ஜெபத்தில் மைனி, அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவேன், எனக்கு மூன்றாவது கரண்டி பாயசமும் ஊற்றினாள். எல்லைக் கல் விஷயமாக அண்ணனோடு ஒரு வாய்ச்சண்டை நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அடுத்த வாரமே நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல் தொடங்கியது. சாப்பிட்டால் அடங்கும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கரண்டும். அது தீனி கேட்டு வாங்கித் தின்கிறது என்றே நினைத்தேன். தையல் கடையில் தனியாக இருக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டு வயிற்றில் கை வைத்துக் கேட்பேன். உள்ளே ஏதோ அசையும். உடம்பு மெலிந்து, என் சட்டையை நானே நான்கு தடவை பிடித்துத் தைத்தேன்.

மைனி தினமும் கஞ்சி கொடுத்தனுப்பினாள். நான் அதைக் கோழிகளுக்கு ஊற்றிவிட்டு, எது முதலில் சாகும் என்று பார்த்திருந்தேன். எல்லாம் கொழுத்தன. "ஆண்டவரே, என் எதிரியைக் காட்டும்" என்று அழுது ஜெபித்தேன். ஜெபத்தின் நடுவிலும் கண்ணுக்குள் மைனியின் முகம்தான்.

டிசம்பரில் யாருக்கும் சொல்லாமல் ஆரியங்கோட்டுக்கு அப்பால் கைவிஷம் எடுக்கிற ஒரு வைத்தியரிடம் போனேன். பாலில் எதையோ கலக்கித் தந்தார். குடல் புரள வாந்தி எடுத்தேன். காப்பிப் பொடி கரைத்ததுபோல் கறுப்பாக வந்தது. "ஒழிஞ்சு மக்கா, இனி பயப்படாண்டாம்" என்றார். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். அது என் இரத்தம் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறன்று பாட எழுந்து நின்றவன் அப்படியே விழுந்தேன். என் மனைவியும் மைனியும் ஜீப்பில் திருவனந்தபுரம் கொண்டுபோனார்கள். இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் சாகப் போகிறேன் என்று பயந்து, மைனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எலே, உனக்கு வெஷம் தாறதுக்காக்கும் நான் எட்டுத் தேங்கா துருவினது?" என்றாள். பிறகு முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

குழாய் வழியாக டாக்டர் குடலில் புண்ணைப் பார்த்தார். இரைப்பையிலிருந்து துளி சதை கிள்ளி, ஒரு சின்னக் குப்பியிலிருந்த மஞ்சள் மருந்தில் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் அது ரோஜா நிறமாக மாறியது. வயிற்றில் கிருமி இருந்தால்தான் அப்படி மாறுமாம். புண்ணுக்குக் காரணம் கிருமி; பெரும்பாலும் சின்ன வயதிலேயே வயிற்றில் புகுந்துவிடும் என்றார். என் ஜெபத்துக்கு அந்தக் குப்பியில் பதில் வந்தது.

சுகமாகிவிட்டேன். ஆனாலும் பசி வந்தால் இன்றும் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. ஏழு மாதம் ஒரு குற்றமற்றவளைக் கொலைகாரி என்று எண்ணிக்கொண்டு ஆண்டவர் முன்னால் முழங்காலில் நின்றேனே, அது என்னை விடவில்லை. பிரியமானவர்களே, வலி வந்தால் ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு டாக்டரிடம் போங்கள். கர்த்தர் அங்கேயும் இருக்கிறார்.

பாயசத்தில் ஒன்றும் இல்லை. வயிற்றில் கிருமி இருந்தது. பதினான்கு நாள் மாத்திரையில் செத்தது.