சம்பந்தி வீட்டில் சாப்பிட்ட சங்கரா மீன்

விரலில் சுற்றியிருந்த தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுத்தது. டீசல் வாடையில் குமட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த ஒரு நொடி குமட்டலே மறந்துபோனது.

"வுட்டுடாதீங்க சம்மந்தி... மெதுவா இழுங்க. கெணத்துல தண்ணி சேந்துற மாதிரி."

இழுத்தேன். சிவந்த சங்கரா மீன் ஒன்று படகுக்குள் விழுந்து துடித்தது. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் வாழ்க்கையில் பிடித்த முதல் மீன்...

2008 என்று நினைக்கிறேன், நண்பர்களே. கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். என் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர். அவளாகத் தேடிக்கொண்ட கல்யாணம். நாங்கள் சிதம்பரம் பக்கம் விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்குப் போனேன், வாழ்த்தினேன். அதோடு சரி. ஒரு வருஷம் அந்த வீட்டுப் படியேறவில்லை. கோபம் இல்லை. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். மூட்டுவலியால் என்னோடு வரமுடியாத என் மனைவி, "பொண்ணோட வந்தா வாங்க. இல்லன்னா அங்கயே இருந்துக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

என்னென்ன பேசவேண்டும் என்று பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். சம்பந்தி பேசவே விடவில்லை.

"அதெல்லாம் அப்புறம் வாத்தியாரே. காலையில எங்கூட கடலுக்கு வாங்க."

அப்படித்தான் மறுநாள் அந்தப் படகில் இருந்தேன்.

கரைக்கு வந்ததும் மற்ற மீன்கள் ஏலத்துக்குப் போயின. என் மீனை மட்டும் அவர் தனியாக எடுத்துக்கொண்டார். சம்பந்தியம்மா செதில் உரசி, மண்சட்டியில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். புளி கொதிக்கிற வாசனையிலேயே பசி எடுத்தது.

இலை போட்டார்கள். முழுத் தலையும் என் இலைக்கு வந்தது.

எங்கள் வீட்டில் மீன்தலை குடும்பத்துப் பெரியவருக்கு. இது சம்பந்தியின் வீடு. அவர்தானே பெரியவர்? கை படுவதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் எச்சிலும் ஆகாது... இப்படியெல்லாம் யோசித்து, கரண்டியால் தலையை எடுத்து அவர் இலையில் வைத்தேன். மரியாதை செய்துவிட்டதாக நினைப்பு.

சம்பந்தியம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார்.

அவர்கள் வழக்கத்தில் மீனைப் பிடித்த விருந்தாளிக்குத்தான் தலை. அதைத் திருப்பிக் கொடுத்தால், உங்கள் உறவு வேண்டாம் என்று அர்த்தமாம். எனக்கு அது தெரியாது.

"ஏன், நாங்க ஆக்குனது எறங்காதா?" என்றார் சம்பந்தியம்மா. "அப்ப எங்க வூட்டுப் புள்ள மட்டும் அங்க எதுக்குப் பொறக்கணும்? அவ இங்கயே பெத்துக்கட்டும்."

மகள் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்திதான் சிரித்தார். தலையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் இலையில் வைத்தார்.

"இந்தப் பக்கத்துக் கண்ணு உமக்கு, அந்தப் பக்கத்துக் கண்ணு எனக்கு. வாத்தியாரு மீனப் பாத்தே மெரண்டுபோயிருக்காரு. நீ வேற ஏண்டி மெரட்டுற?"

சாப்பிட்டேன். பிறகு, குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நானே கேட்டேன். எந்த வீட்டிலும் நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் இல்லை.

"பரவால்ல, கேக்கத் தெரியுது" என்று ஊற்றினார் சம்பந்தியம்மா. கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு நல்ல நாளுதான். கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் சிதம்பரம் பஸ்ஸில் மகள் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா... அந்தத் தலைய நீங்க எடுத்து வச்சப்ப, அத்த நெனச்சதத்தான் நானும் நெனச்சேன்."

"இல்லம்மா. மரியாதைக்குத்தான்..."

"சரிப்பா."

இப்போதெல்லாம் சம்பந்தி வீட்டிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் வருகிறது. நான் யாருக்குப் பயந்தேனோ அந்தச் சொந்தக்காரர்களே வந்து பங்கு கேட்கிறார்கள். ஒரு மாதம் போகாவிட்டால், "வழி மறந்துபோச்சா சம்மந்தி?" என்று சம்பந்தியம்மா போனில் திட்டுகிறார்.

மகள் மட்டும் அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததே இல்லை. நான் சொன்னதை நம்பித்தான் "சரிப்பா" என்றாளா, போகட்டும் என்று விட்டுவிட்டாளா, தெரியவில்லை. ஒரு வருஷம் தன் வீட்டுப் படியேறாத அப்பாவைப் பற்றி அவள் வேறு எப்படி நினைத்திருக்க முடியும்...