கான் வாயில் ஒரு பிடி தும்பு

நாங்கள் சமைக்கிற குசினிக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானை நான் பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. அந்தக் கான் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், வாடகை வீட்டின் முன்னறையில் நான் சோற்றுக்கடை நடத்தினேன். வெள்ளைக்காரன் தன் கடற்படையைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிப் போய்ச் சில வருடம் ஆகியிருந்த காலம் அது.

கடற்படைத் தளத்தை எங்கள் ஊரில் டொக்யாட் என்றுதான் சொல்வோம். என் கணவர் அங்கே எஞ்சின் திருத்துகிற வேலையில் இருந்தார். காக்கிச் சட்டையும் கறுப்புச் சப்பாத்துமாக அவர் காலையில் படலை திறந்து போகும்போது ஒழுங்கையே பார்க்கும். வெள்ளைக்காரன் போனான், வேலையும் போயிற்று. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் போய்க் கேட்டார், கந்தளாயில் கேட்டார், ஒன்றும் சரிவரவில்லை. பிள்ளைகளின் வயிறு வேலை கிடைக்கும்வரை பொறுத்திருக்குமா? நான் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினேன்.

தம்பலகாமத்து அரிசி, ஒரு மீன் குழம்பு, ஒரு மரக்கறி, ஒரு சொதி. அவ்வளவுதான் என் கடை. துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களும் லொறிக்காரர்களும் மத்தியானம் வந்து மர வாங்கில் குந்தியிருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் வாய் சும்மா இராது. டொக்யாட்டில் எஞ்சின்காரர் என்று பெயர் எடுத்த என் கணவரை அவர்கள் 'கடைக்காரியின்ட மனுசன்' என்று சொல்லத் தொடங்கினார்கள். கேலிக்குக்கூட இல்லை, அடையாளத்துக்குத்தான் சொன்னார்கள். அதுதான் அவருக்கு இன்னும் சுட்டது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னறைக்கு வருவதையே விட்டுவிட்டார். பின் வளவில் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு இருப்பார். போட்டுக்கொண்டு போக இடமில்லாத சப்பாத்து.

கடைச் சுத்தத்தில் நான் யாருக்கும் மசியமாட்டேன். சட்டிபானைக்குச் சாம்பலும் தேங்காய்த் தும்பும். செம்புக்குப் பழப்புளி. மீன் வெட்டுகிற பலகைக்கு உப்பைக் கொட்டிச் சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலால் தேய்த்து வெயிலில் சாய்த்துவிடுவேன். கானுக்கு வேறு சட்டம். கஞ்சித்தண்ணீர் அதற்குள் போகக் கூடாது, அது பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு. மீன் செதிள் முருங்கையடியில் புதையும். எண்ணெய்ச் சட்டியை முதலில் சாம்பலால் துடைத்து, அந்தச் சாம்பலை வாழையடியில் கொட்டின பிறகுதான் தண்ணீர் தொடலாம். குசினி வாசலடியில் கான் தொடங்கும் வாயில் ஒரு பிடி தும்பு வைத்திருப்பேன். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, வெங்காயத்தோல் எல்லாம் அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் போகும். தினமும் காலமை பழைய தும்பை எடுத்து எறிந்து புதியது வைப்பேன். எவ்வளவு பார்த்தாலும் தேங்காய்ப்பாலின் எண்ணெய் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதற்குக் கிழமைக்கு ஒருதரம் ஒரு பானை கொதிதண்ணீர்.

அந்த முறை மாரி விடாமல் அடித்தது. விறகெல்லாம் ஈரம். சோறு அவியவே நெருப்புப் போதாமல் புகைந்துகொண்டிருக்க, கானுக்குக் கொதிதண்ணீர் எங்கே வைப்பது? கான் மெதுவாக ஓடத் தொடங்கியது. அதே நேரம் ஊரில் வயிற்றோட்டம் பரவி, சாப்பாட்டுக் கடைகளை எல்லாம் சுகாதார இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று கதை வந்தது. பின்னால் அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றால் கடையைப் பூட்டச் சொல்லிவிடுவாராம். எங்கள் ஒழுங்கைக்கு வியாழக்கிழமை காலமை வருவாராம். கடையைப் பூட்டினால் நாங்கள் என்ன, கல்லையா தின்பது?

புதன்கிழமை வெயில் எட்டிப் பார்த்தது. விறகைக் காயப் போட்டுவிட்டு, வந்து கொதிதண்ணீர் வைத்துக் கானைக் கழுவலாம் என்று நினைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தபோது என் கணவர் கான் வாயருகே குந்திக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், கனகாலத்துக்குப் பிறகு. பக்கத்தில் வெறும் தகரப்பேணி ஒன்று. கானுக்குள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"தும்பு எங்கயப்பா?" என்று கேட்டேன்.

"எறிஞ்சிட்டன். இன்ஸ்பெக்டர் வந்து பாக்கேக்க கான் வாயில குப்பை கிடக்கிறது வடிவே? உள்ளுக்குக் கோஸ்டிக் சோடா போட்டிருக்கிறன். டொக்யாட்டில எஞ்சின் சாமானெல்லாம் நாங்கள் இதிலதான் கழுவினனாங்கள். கிறீசெல்லாம் கழண்டு வெள்ளி மாதிரி மினுங்கும். உம்மட சாம்பலும் தேசிக்காயும் இதுக்குக் கிட்ட நிக்க ஏலாது."

"கொதிதண்ணி ஊத்த வேண்டாமோ?"

"ஒண்டும் வேண்டாம். சோடாவே தண்ணியைச் சுட வைக்கும். நீர் பேசாமல் இரும். விடிய வந்து பாரும்."

அந்த முகத்து வெளிச்சத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, சந்தைப் பையோடு உள்ளே போனேன்.

விடிந்தது. பார்த்தேன். அரிசி கழுவிக் கஞ்சிப் பானையில் வடித்துவிட்டு, கை அலம்பிய தண்ணீரைக் கானில் ஊற்றினேன். தண்ணீர் நின்றது. கொஞ்சம் யோசிப்பதுபோல் சுற்றியது. பிறகு நேற்றைய அழுக்கையும் கூட்டிக்கொண்டு என் குசினிக்குள்ளேயே திரும்பி வந்தது. மீன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஐயோ, இன்றைக்கா!

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "கெடுத்தீங்களே! ஒரு குடும்பத்தின்ட வாயில மண்ணள்ளிப் போட்டீங்களே! ஒழுங்கா ஓடின கானை ஆர் உங்களைத் தொடச் சொன்னது? இப்ப அந்த மனுசன் வந்து பூட்டச் சொன்னா, உங்கட டொக்யாட்டோ எங்களுக்குச் சோறு போடும்?"

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போனதும் அவர் முகம் கறுத்தது. உள்ளே போனார். வெளியே வந்தபோது காலில் அந்த மினுக்கின சப்பாத்து, கையில் அலவாங்கு. கானை மூடியிருந்த கற்களின் இடுக்கில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். கல் கிளம்பியது. அடுத்த கல். அதற்கடுத்த கல். வேலிக்குக் கிட்டவாக உள்ளே வெள்ளையாக என்னவோ ஒன்று கானை முழுதாக அடைத்துக்கொண்டு கிடந்தது.

சத்தம் கேட்டு, வேலியில் பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு ராத்தா வந்தார். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், என் கஞ்சித்தண்ணீரைக் குடித்து வளரும் ஆடுகளின் சொந்தக்காரி. எங்கள் கான் அவர் வளவின் ஓரத்தால்தான் ஒழுங்கைக்குப் போகும். முக்காட்டை மூக்கில் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஒரு தடியால் குத்தினார். கான் ஓரத்து ஈரத்தில் தடி நுனி சோப்புப் போட்டதுபோல் நுரைத்தது.

"அல்லாஹ்! இது சவுக்காரமெல்லோ புள்ள!"

என் கணவர் தடியை வாங்கிப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அங்க இருந்தது எஞ்சின் கிறீஸ். அது சவுக்காரமாகாது. இஞ்ச தேங்காயெண்ணெய். அதுவும் அங்க தொட்டி கொதிச்சுக்கொண்டிருக்கும், நான் பச்சைத் தண்ணியில போட்டன். சவுக்காரம் காய்ச்சிறவன் செய்யிற வேலையை நான் கானுக்குள்ள செய்திருக்கிறன்."

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டுக்குள் குலுங்கினார். எனக்கும் வந்தது, ஆனால் கோபம் அதை விடவில்லை. "சிரிக்காதேங்கோ ராத்தா, இண்டைக்கு இன்ஸ்பெக்டர் வாறார்" என்றேன். சிரிப்பு நின்றது. ராத்தா போய்க் கிணற்றில் தண்ணீர் அள்ளத் தொடங்கினார். அந்தச் சோடா கையில் பட்டால் தோலை உரித்துவிடும், எனக்கு அவ்வளவு தெரியும். சாக்கை வெட்டி என் கணவரின் இரண்டு கையிலும் கட்டிவிட்டேன். கட்டும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கானுக்குள் இறங்கி, அலவாங்கால் இடித்து, துண்டு துண்டாக வெளியே எடுத்து வைத்தார். நானும் ராத்தாவும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினோம்.

பாதிகூட முடியவில்லை, முன்னறையில் குரல் கேட்டது. இன்ஸ்பெக்டர்.

குசினியைப் பார்த்தார். பானை மூடிகளைத் தூக்கினார். மீன் பலகையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார். நிலத்தில் திரும்பி வந்த தண்ணீரை நான் அதற்குள் துடைத்து, உப்புத் தண்ணீரால் கழுவியிருந்தேன். பிறகு அவர் பின்பக்கம் வந்தார். கற்கள் எல்லாம் கிளப்பிக் கிடந்தன. கானுக்குள் முழங்கால் அளவில் சாக்குக் கையோடு ஒரு மனிதன். பக்கத்தில் அந்த வெள்ளைக் கட்டிகள்.

"என்ன இது?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு வழி இருந்தது. "இந்த மனுசன் விசர்த்தனமா என்னவோ கொட்டிப் போட்டார் ஐயா, கடையில பிழையில்ல" என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. இன்ஸ்பெக்டர் இரக்கப்பட்டு இரண்டு நாள் தவணை தந்திருப்பார். சொல்ல வாயைத் திறந்தேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், நான் சொல்லப்போவதை ஏற்கெனவே கேட்டு முடித்தவர்போல. ஒழுங்கை பார்க்கப் படலை திறந்து போன மனிதர், அந்தச் சப்பாத்து சேற்றில் புதைய நிற்கிறார்.

"கான் துப்பரவு பண்ணுறம் ஐயா" என்றேன். "மாசத்துக்கு ஒருக்காக் கல்லெல்லாம் கிளப்பித் துப்பரவு பண்ணுறது எங்கட வழக்கம்."

இன்ஸ்பெக்டர் ராத்தாவைப் பார்த்தார்.

"ஓம் ஐயா" என்றார் ராத்தா, கண்ணைக்கூட இமைக்காமல். "மாசா மாசம்."

"இந்த வெள்ளைக் கட்டி?"

"சவுக்காரம் ஐயா." அதுவும் ராத்தாதான். எனக்கு உயிர் போய் வந்தது.

"கானுக்குச் சவுக்காரமோ?"

"கழுவத்தானே ஐயா சவுக்காரம்" என்றேன் நான். வேறென்ன சொல்ல? என் கணவரின் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரித்தாரா, அழுதாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கான் நெடுக நடந்து பார்த்தார். "ஒழுங்கையில எல்லாரும் கானுக்கு மேல பாயை விரிச்சு மறைச்சு வைச்சிருக்கினம். நீங்கள் திறந்து காட்டுறீங்கள்" என்றார். பிறகு, "இதுக்கெல்லாம் ஆர் பொறுப்பு?" என்று கேட்டார்.

கடை என் பெயரில். நான்தான் என்று சொல்ல வேண்டியவள் நான். ஆனால் கானுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சோறு அவவின்ட பொறுப்பு ஐயா. கான் என்ட பொறுப்பு."

அவர் நிமிர்ந்து நின்று சொன்னார். டொக்யாட் மூடிய பிறகு, ஒன்றைத் தன்னுடையது என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லது. வேலையை முடியுங்கோ. மாசா மாசம் எண்டு சொன்னீங்கள்தானே, நான் வந்து பாப்பன்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். கடையைப் பூட்டச் சொல்லவில்லை. நான் அப்படியே கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். ராத்தா என் முதுகைத் தடவி, "அழாத புள்ள, உல கொதிக்குது, போய்ச் சோத்தப் போடு" என்றார்.

அன்று மத்தியானம் சோறு பிந்தியது. மூட்டைக்காரர்கள் வாங்கில் இருந்து கத்தினார்கள். கானை முடித்துக் கல்லெல்லாம் திரும்ப வைத்துவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு என் கணவர் முன்னறைக்கு வந்தார். அகப்பையை என் கையிலிருந்து வாங்கினார். ஒருவன் வழக்கம்போல், "என்ன, கடைக்காரியின்ட மனுசன் இண்டைக்கு வெளியில வந்திருக்கிறார்?" என்றான். "சோறு வேணுமெண்டா வாயை மூடும்" என்று அவர் அவனுக்கு இரண்டு அகப்பை கூடப் போட்டார். வாங்கு முழுக்கச் சிரித்தது. நான் குசினிக்குள் நின்று, ஒருவருக்கும் தெரியாமல் அழுதேன்.

அவரோடு அன்று முழுக்க நான் அதைப் பற்றிப் பேசவில்லை. 'உங்கட டொக்யாட்டோ சோறு போடும்?' என்று கேட்டதற்கு எப்படிச் சமாதானம் சொல்வது? கையில் சோடா பட்டுச் சிவந்த இடங்களைத் தண்ணீரால் நிறைய நேரம் கழுவித் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். "இதுவும் சவுக்காரமாகிப் போகும், கவனம்" என்றார். அதுதான் அவருடைய சமாதானம்.

மறுநாள் காலமை, அடுப்பை மூட்டிவிட்டு, ஒரு பிடி தும்பை எடுத்துக்கொண்டு கானடிக்குப் போனேன். கான் வாயில் புதுத் தும்பு ஏற்கெனவே இருந்தது. பருக்கைக்கு இடம் விட்டு, தண்ணீருக்கு வழி விட்டு, நான் வைப்பதைவிட வடிவாக இருந்தது. பின் வளவில் அவர் சப்பாத்திலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன தும்பை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன், நாளைக்கு வேண்டியிருக்கும்.