மிச்சமிருந்த சொட்டு மருந்து

மோகனூர்ப் பக்கம் எங்களுக்குக் கரும்புத் தோட்டம். போன வருஷம் வெட்டு நேரத்தில் என் கணவருக்கு இடது கண் சிவந்து நீர் வடிந்தது. ஊரில் பலருக்கு மெட்ராஸ் ஐ வந்திருந்ததால் இதுவும் அதுதான் என்று நினைத்தேன். என் கண்புரை ஆபரேஷனின்போது கொடுத்த சொட்டு மருந்து மிச்சமிருந்தது. நானே ஊற்றிவிட்டேன். சிவப்பு குறைந்தது. விடாமல் ஊற்றினேன்.

ஐந்தாம் நாள், "வெளிச்சத்தப் பாத்தா குத்துது புள்ள. எல்லாம் பொகையாத் தெரியுது" என்றார்.

நாமக்கல்லில் கண் டாக்டர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். "இது ஸ்டீராய்டுங்கம்மா. இவருக்கு வந்திருக்கிறது ஹெர்பிஸ் வைரஸ். இந்த மருந்து அதை வளர்த்துவிடும். யாரு ஊத்துனது?"

"நாந்தானுங்க" என்றேன். அழுகை வரவில்லை.

கண் பிழைத்தது. ஆனால் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை பாதியாகிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் மனசு மரத்து, எதுவும் உறைக்காமலே நாட்கள் போகின்றன.

இப்போது வீட்டில் எந்தக் கண் மருந்தையும் மிச்சம் வைப்பதில்லை. சென்ற மாதம் மகளுக்கு இரண்டு கண்ணும் சிவந்து அரித்தது. துண்டு, தலையணையைத் தனியாக வைத்து, அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அலர்ஜி என்று சொல்லி வேறு மருந்து தந்தார்.

"ஊத்திவிடும்மா" என்று மகள் அண்ணாந்தாள். எனக்குக் கை எழவில்லை. அவள் அப்பாதான் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி ஊற்றிவிட்டார்.