ஏற்றத்துக்கு வாங்கிய கன்வர்ட்டர்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வைத்திருந்தார். அதற்கு கிளட்ச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். பழுதானால் பார்க்க இந்தப் பக்கம் ஆளே இல்லை என்பதைக்கூட அவர் பெருமையாகத்தான் சொல்வார். இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஒருநாள் போய்விட்டது. அசல் கிடைக்கவில்லை. வேலூர் மெக்கானிக் பாய் வேறு இரண்டைத் தேடிப் பிடித்துத் தரையில் வைத்தார். ஏழு வயதான எனக்கு இரண்டும் மூடி போட்ட குண்டான்களாகத் தெரிந்தன.

"இது பழசு மாதிரியே. ஏத்தத்துல கொஞ்சம் திணறும். அது சும்மா தூக்கிக்கினு போவும், ஆனா எறக்கத்துல இன்ஜின் புடிச்சி நிறுத்தாது. பிரேக்கத்தான் நம்பணும். இன்னா வேணும் சொல்லுங்க."

"ஏர்றதுக்குத்தாங்க பாய் வண்டி. எறக்கம் தானா எறங்கிட்டுப் போவுது!" என்றார் மாமா. நானும் சிரித்தேன்.

"பாய் சொல்றத காதுல போட்டுக்கடா," என்றாள் அம்மா, தம்பியிடம்.

மறுவாரம் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஒரு காதுகுத்து. மாமா கேட்டுப் பொருத்திய இரண்டாவது கன்வர்ட்டரால் கார் மலையைச் சிரமமில்லாமல் ஏறியது. சிக்கல், கிளம்பும்போதுதான் வந்தது. மலையிலிருந்து இறங்கும் வண்டியை வெறுமனே அனுப்புவது அங்கே மரியாதையல்ல. "வூட்டுக்கு வந்த வண்டி சும்மா போவுமா?" என்று டிக்கியில் நான்கு புளி மூட்டை, பின்சீட்டில் இரண்டு ஏற்றினார்கள். மூட்டைகளுக்கும் எனக்கும் நடுவே அம்மா ஒடுங்கிக்கொண்டாள்.

மூன்றாவது வளைவில் கரிந்த வாடை வந்தது. மாமா கையாலேயே கீழ்க்கியருக்குத் தள்ளினார். இன்ஜின் உறுமியதே தவிர வண்டி அடங்கவில்லை.

"அக்கா, பிரேக்கு புடிக்காம உள்ள போவுதுக்கா." அவர் குரல் சின்னப் பையனின் குரல்போல இருந்தது.

முன்னால், வண்டிச் சக்கரங்கள் மிதித்து மணி உதிரட்டும் என்று, யாரோ கொள்ளுச்செடியைச் சாலையில் முழங்கால் உயரம் பரப்பியிருந்தார்கள். அதில் ஏறியதும் வேகம் சற்றுக் குறைந்தது. அம்மா என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். என்னை வெளியே தள்ளினாள்.

வாயெல்லாம் கொள்ளுச் சருகோடு எழுந்தபோது கார் கண்ணில் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், அடுத்த வளைவில் மலைச்சரிவில் மோதி நின்றிருந்தது. மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் அம்மா என் கைகால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"என்ன மட்டும் ஏன் தள்ளிவுட்ட?" என்று கத்தினேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

இப்போது என் மகள் கார் ஓட்டக் கற்கிறாள். பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் என் கை கதவுப் பிடிக்குப் போகிறது. அந்த மலைச்சாலையை மனதால் அளந்துகொண்டே இருக்கிறேன். ஏழு வயதில் எனக்கு அளக்கத் தெரியவில்லை. அந்தக் கொள்ளுப் பரப்பு, ஒருவர் விழும் நேரத்துக்குத்தான் போதுமாக இருந்தது.